ஓஸ்மாராவின் வெள்ளித் திட்டம்

ஜனவரி இரண்டாம் தேதி காலை, கதிர்வீச்சு மையத்தின் வரவேற்பு மேசையில் இருந்த பெண் ஓஸ்மாரா கினோனெஸின் காப்பீட்டு அட்டையைக் கணினியில் இருமுறை சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அக்கா, இது டிசம்பரோட முடிஞ்சுபோச்சு. இப்ப உங்க பேர்ல வேற கம்பெனி இருக்கு. அந்தக் கம்பெனி ஆளுங்களுக்கு நாங்க இங்க வைத்தியம் பண்றதில்ல."

"நான் எதையும் மாத்தலையே!"

"அப்ப வேற யாரோ மாத்தியிருக்காங்க."

மார்பகப் புற்றுநோய்க்கு விதிக்கப்பட்ட முப்பது அமர்வுகளில் பதின்மூன்று முடிந்திருந்தன. இடைவெளி விழக் கூடாது என்று மருத்துவர் முதல் நாளே எச்சரித்திருந்தார். பதினான்காவது அமர்வுக்காக வந்தவர் உடை மாற்றும் அறைக்குக்கூடப் போகாமல் வீடு திரும்பினார்.

ஹயலியா நகரத்தில் எங்கள் வீட்டு வரிசையில் நான்காவது வீடு அவருடையது. சொந்த நாட்டில் ஓல்கின் ஊர்ப் பக்கத்துச் சர்க்கரை ஆலையில் பதினெட்டு ஆண்டுகள் கிடங்கு எழுத்தராக இருந்துவிட்டு இங்கே வந்தவர். பழைய துணி மூட்டைகளைத் தரம் பிரித்து ஹைட்டிக்கும் ஹோண்டுராசுக்கும் அனுப்பும் கிடங்கில் வேலை; ஒப்பந்தக் கூலி என்பதால் முதலாளி காப்பீடு தருவதில்லை. எங்களில் பலரைப் போல அவரும் அரசு மானியத்தோடு கிடைக்கும் காப்பீட்டையே நம்பியிருந்தார்.

ஆனால் எங்களைப் போல அவர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. நாங்கள் முகவர் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டோம். ஓஸ்மாரா நவம்பரில் பதினொரு மாலைகள் நூலகக் கணினியின் முன் அகராதியோடு அமர்ந்தார். வெண்கலம், வெள்ளி என்ற இரு தரத் திட்டங்களுக்கும் அவர் கட்ட வேண்டிய மாதத் தவணை ஒன்றுதான்: பூச்சியம். வேறுபாடு நோய் வந்த பிறகே தெரியும். அவருடைய வருமானத்தில் இருப்பவர்களுக்கு வெள்ளித் திட்டத்தில் மட்டும் அரசு இன்னொரு சலுகை தருகிறது. ஆண்டு முழுவதும் எவ்வளவு சிகிச்சை பெற்றாலும், கைப்பணத்துக்கு மிகக் குறைந்த உச்சவரம்பு. வெண்கலத்தில் அந்த வரம்பு அவருடைய நான்கு மாதக் கூலியைத் தாண்டியது. இதையெல்லாம் கட்டம் போட்ட தாளில் எழுதி, தன் மருத்துவரும் கதிர்வீச்சு மையமும் எந்தத் திட்டத்தில் இருக்கிறார்கள் என்று தொலைபேசியில் கேட்டு, பதில் சொன்னவரின் பெயரையும் நேரத்தையும் எதிரே குறித்துவைத்து, வரும் ஆண்டுக்கும் வெள்ளியையே எடுத்தார்.

அத்தனை கவனமாக இருந்தவர் ஒரே இடத்தில் தவறினார். நானும் அங்கேதான் தவறினேன். டிசம்பர் ஆறாம் தேதி, பேரங்காடி வாசலில் நீலத் துணி விரித்த மேசை ஒன்றைப் போட்டிருந்தார்கள். காப்பி இலவசம், குலுக்கலில் வென்றால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு விருந்துக்கு முழுப் பன்றி ஒன்று. அந்த இரவில் ஓஸ்மாராவின் பின்கட்டில் எங்கள் வரிசையே சாப்பிடும். சீட்டில் பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எண், காப்பீடு உண்டா இல்லையா என்று கேட்டிருந்தார்கள்; நாங்கள் இருவரும் நிரப்பிக் கொடுத்தோம். பன்றிக் குலுக்கலில் பிறந்த தேதி எதற்கு என்று வரிசையில் ஒருவரும் கேட்கவில்லை. பன்றியை வென்றவரையும் இன்றுவரை நான் சந்திக்கவில்லை.

மையத்திலிருந்து திரும்பிய பின் ஓஸ்மாரா தன் இணையக் கணக்கைத் திறந்தார். டிசம்பர் பன்னிரண்டாம் தேதி அவர் வெண்கலத் திட்டத்துக்கு மாற்றப்பட்டிருந்தார். முகவர் என்ற இடத்தில் நீலத் துணிக்காரர்களின் அலுவலகப் பெயர் இருந்தது. பெயரும் பிறந்த தேதியும் கையில் இருந்தால் ஒரு முகவர் யாரையும் வேறு திட்டத்துக்கு மாற்றி, அதற்கான தரகை வாங்கிவிடலாம். என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு அங்கே போனார். டயர் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஓர் அறை. ரெய்னியர் என்ற இளைஞன் சிரித்த முகத்தோடு வரவேற்றான்.

"நீங்கதான் போன்ல சரின்னு சொன்னீங்கம்மா. இதோ பாருங்க, பன்னெண்டாம் தேதி, காலைல பத்து அம்பது."

"நானா சொன்னேன்?"

"மறந்திருப்பீங்க. வயசாச்சுல்ல?"

"வயசாச்சுதான் தம்பி. அதான் எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கறேன். அந்தப் பக்கத்தை அப்படியே ஒரு பிரதி எடுத்துக் குடு."

அவன் தயங்காமல் அச்சிட்டுத் தந்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"எதுக்கும்மா வம்பு? இப்பவே பழைய திட்டத்துக்கு மாத்தி விடறேன். பிப்ரவரி ஒண்ணுலேருந்து வந்துடும். ஒரு மாசந்தானே!"

"உன் மாசம் வேற, என் மாசம் வேற. கை வெக்காதே. நீ இன்னொரு தடவை மாத்தினா, முதல்ல மாத்தினதும் நான் சொல்லித்தான்னு ஆயிடும்."

வெளியே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, பிப்ரவரியாவது கிடைச்சிருக்குமே!" என்றேன்.

"ஜனவரி என்னோடது. அதை ஏன் அவனுக்கு விட்டுக் குடுக்கணும்?"

அன்று பிற்பகலே அவர் அரசின் காப்பீட்டு மைய எண்ணை அழைத்தார். ஐம்பத்திரண்டு நிமிடக் காத்திருப்புக்குப் பின் ஒரு குரல் வந்தது. தன் அனுமதியின்றித் திட்டம் மாற்றப்பட்டது, ஜனவரி முதல் தேதியிலிருந்தே பழையதை மீட்டுத் தர வேண்டும் என்று புகார் பதிந்து, வழக்கு எண்ணை வாங்கி, இலக்கம் இலக்கமாகத் திருப்பிப் படித்தார்.

மறுநாள் மீண்டும் கதிர்வீச்சு மையத்துக்குப் போனார். ரெய்னியர் சொன்ன டிசம்பர் பன்னிரண்டாம் தேதிதான் அவருடைய முதல் அமர்வு நடந்த நாள். இயந்திரத்தை உடலுக்குப் பொருத்தும் வேலை இருந்ததால் காலை பத்தரை முதல் பதினொன்று நாற்பது வரை அவர் மேசையில் அசையாமல் படுத்திருந்தார். கைப்பேசி பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. அந்த நேரங்களை மையத்தின் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தருமாறு கேட்டார்.

"இது எதுக்கு அக்கா?" என்றாள் வரவேற்புப் பெண்.

"உங்க இயந்திரத்துக்குள்ள படுத்துக்கிட்டே ஒருத்தன்கிட்ட நான் போன்ல பேசினேனாம். நீங்கதான் சொல்லணும், முடியுமான்னு."

அவள் சிரித்துக்கொண்டே மேலாளரை அழைத்து வந்தாள்.

இரண்டு தாள்களும் ஒரே உறையில் புகாரோடு சேர்ந்தன. அடுத்து வந்த நாட்களில் ஓஸ்மாரா துணி பிரித்தார், இடைவேளையில் வழக்கு எண்ணைச் சொல்லி அழைத்தார், பதில் தாமதமானால் அதற்கும் காரணம் கேட்டுக் குறித்தார். கிடங்கில் அவரோடு வேலை செய்யும் சுலேமா கேலி செய்தாள்: "இந்தப் பொம்பளை எமன் வந்தாலும் அடையாள அட்டை கேப்பா!"

"பிறந்த தேதி மட்டும் குடுக்க மாட்டேன்டி," என்றார் ஓஸ்மாரா.

பத்தாம் தேதி மாலை பதில் வந்தது. வெள்ளித் திட்டம் ஜனவரி முதல் தேதியிலிருந்தே மீட்கப்பட்டுவிட்டது. திங்கட்கிழமை பதின்மூன்றாம் தேதி நான் அவரை மையத்துக்கு அழைத்துச் சென்றேன். மருத்துவர் இடைவெளியைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு அமர்வுகள் கூடுதலாகத் தேவைப்படும் என்றார்.

அந்த இரண்டு நாட்களை எந்த அலுவலகமும் அவருக்குத் திருப்பித் தர முடியாது.

"முப்பத்திரண்டு," என்றார் ஓஸ்மாரா. "சரி டாக்டர். பதினாலாவதை இப்பவே ஆரம்பிங்க."