முடிந்துவிடக் கூடாத வண்டி

இந்த மலரை வாங்கிப் புரட்டும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் ஒரு தங்கையின் வணக்கம். அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது. நல்லதாக நாலு வார்த்தை எழுதிப் படத்தைப் போட்டு அழகாக முடித்துவிடு என்று பெரியவர்கள் சொன்னார்கள். எனக்கு அவ்வளவு அடக்கமாக எழுத வராது. என் வாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அண்ணனைப் பற்றி எழுதினால் அந்த வண்டியைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும்.

அண்ணன் லாபிஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தார். அப்பா காய்ச்சலில் படுத்து எழுந்திருக்காமலே போனபோது படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனார். லாயாங் லாயாங் அருகில் ஒரு செம்பனை ஆலையில் எடுபிடியாகச் சேர்ந்து, அங்கேயே ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி ஆனார். என்னைப் படிக்கவைத்ததும், தெப்ராவில் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். அண்ணியைக் கைப்பிடித்தார். பிள்ளை இல்லை. அதை ஒரு குறையாக ஒருநாளும் அண்ணியிடம் பேசியதில்லை. பேச வந்தவர்களை வாசலோடு அனுப்பிவைத்தார். அவர்களில் சிலர் இந்த மலரையும் படிப்பார்கள்.

வேலை ஓய்வுக்குப் பிறகு அவர் தனக்கென்று ஒன்று வாங்கினார் என்றால் அது அந்த வண்டிதான். யாரோ ஒருவருடைய கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததை லோரியில் அள்ளிக்கொண்டு வந்தார். இங்கிலாந்தில் செய்த பழைய டிரையல்ஸ் மோட்டார்சைக்கிள். அது வேகத்துக்கான வண்டி அல்ல. பாறை, வேர், ஓடை, சேறு எது வந்தாலும் கால் தரையில் படாமல் நத்தைபோல் ஏறி இறங்கும் போட்டிக்கான வண்டி. இளவயதில் குளுவாங் பக்கம் அப்படி ஒரு போட்டியைப் பார்த்ததிலிருந்தே அவருக்கு அதன்மேல் ஆசை.

அண்ணி வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டார். “உக்கார எடமே இல்லையே, இதுல யாரை ஏத்திக்கிட்டுப் போகப் போறீங்க?”

“இது உக்காந்து ஓட்டுறதில்லம்மா. நின்னுக்கிட்டே ஓட்டணும்.”

“அலாமாக்! அதுக்கு நடந்தே போயிடலாம்லா!”

வண்டியின் கழுத்தில், முன்சக்கரத்தைத் தாங்கும் இடத்தில், பிரேம் வெடித்திருந்தது. முன்பு வைத்திருந்தவர் அதன்மேல் வெல்டிங்கை அள்ளி அப்பியிருந்தார். அது மறுபடியும் மறுபடியும் விரிந்தது. அந்த வண்டிக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. என்ஜின் எண்ணெய் பிரேம் குழாய்க்குள்ளேயே ஓடும். பல வருஷத்து எண்ணெய் வெடிப்புக்குள் ஊறிக் கிடந்தால் எந்த வெல்டிங்தான் பிடிக்கும்? அண்ணன் குழாய்க்குள் மண்ணெண்ணெய் ஊற்றி அலசினார், சோப்புத் தண்ணீர் ஊற்றினார், வெயிலில் காயவைத்தார், சூடு காட்டினார். காட்டக் காட்ட எண்ணெய் கசிந்துகொண்டே இருந்தது. அந்தப் புகைக்கு நடுவில்தான் அவருக்கு இருமல் வந்தது. புகையால் வந்த இருமல் என்றே எல்லாரும் நினைத்தோம்.

நுரையீரலில் கட்டி என்று மருத்துவமனையில் சொன்னார்கள். பரவிவிட்டது, அறுவை சிகிச்சை செய்து பயனில்லை என்றும் சொன்னார்கள். காரில் திரும்பும்போது அண்ணன் கேட்ட ஒரே கேள்வி, “தெப்ராவ்ல யாராச்சும் பித்தளை ஊத்தி ஒட்டுறவங்க இருக்காங்களா பாப்பா?” எனக்கு வந்த கோபத்தில் காரை விட்டு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது.

அன்றிலிருந்து எங்களுக்கு நல்ல நாளும் இல்லை, கெட்ட நாளும் இல்லை. எல்லாம் ஒரே ஓட்டம். என் கணவர் பிரேமைத் தெப்ராவில் ஒவ்வொரு பட்டறையாகத் தூக்கிக்கொண்டு அலைந்தார். பார்த்தவர்கள் எல்லாரும் “தா போலே லா, அங்கிள்” என்று கைவிரித்தார்கள். கடைசியில் ஒரு சீனர் மட்டும் வாங்கிவைத்துக்கொண்டார். பழைய வெல்டிங்கை முழுக்க அரைத்தெடுத்து, எண்ணெய் கக்கி ஓயும்வரை குழாயைச் சுட்டு, பித்தளை ஊற்றி ஒட்டிக் கொடுத்தார். அண்ணன் அந்தத் தழும்பைக் கட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். மருந்து ஏற்றி ஏற்றி அந்த விரலின் நகம் கறுத்துப்போயிருந்தது.

இதே சமயத்தில் அண்ணி யாரிடமும் சொல்லாமல் லாபிசுக்கு ரயிலேறிப் போய்க் குறி கேட்டிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரியும். சாமி வந்து ஆடிய அம்மாள், “கையில எடுத்த இரும்பு வேலை முடியிற வரைக்கும் அவன் உசுருக்குக் கேடில்ல” என்று சொன்னாராம். டாக்டர்கள் கைவிட்ட இடத்தில் அந்த ஒரு வாக்கைத்தான் அண்ணி பிடித்துக்கொண்டார். நீங்களும் நானும் அவர் இடத்தில் இருந்தால் வேறென்ன செய்திருப்போம்?

பிரேம் சரியானதும் அடுத்துத் தேவைப்பட்டது, அந்தக் கழுத்துக்குள் போடும் கோன் செட். முன்சக்கரத்தைத் திருப்ப உதவும் கிண்ணங்களும் குண்டுகளும். காப்சாய் என்று நாம் சொல்லும் நம் ஊர்ச் சின்ன மோட்டார்சைக்கிள்களின் கோன் செட் எதுவும் பொருந்தவில்லை. சிகாமட் வரைக்கும் ஆள்விட்டுத் தேடினோம். அண்ணன் படுக்கையில் கிடந்தபடியே கைப்பேசியில் உலகம் முழுக்க முகம் தெரியாதவர்களிடம் கெஞ்சினார். கடைசியில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் அனுப்பிவைத்தார். பொட்டலம் வந்த நேரம் அண்ணன் மருத்துவமனையில் இருந்தார். அண்ணி கையெழுத்துப் போட்டு வாங்கினார்.

நேர்ந்துகொண்டால் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பது நம் வழக்கம். அண்ணி கோன் செட்டை மஞ்சள் துணியில் முடிந்து, மாரியம்மன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

பொட்டலம் சேர்ந்துவிட்டது என்று அண்ணனின் கைப்பேசி காட்டியது. கேட்டதற்கு, “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றார் அண்ணி. பொய் பேசி அறியாதவர் என்பதால் அண்ணன் அவரைச் சந்தேகிக்கவே இல்லை. தன்னைத்தான் சந்தேகப்பட்டார். மருத்துவமனையிலிருந்து வந்ததும் தானே வாங்கி எங்கோ வைத்து மறந்துவிட்டதாக முடிவு செய்து, அலமாரியைக் கொட்டினார், மெத்தையைப் புரட்டினார், கட்டிலுக்கடியில் தவழ்ந்து தேடினார். நான் போனபோது மூச்சு வாங்கத் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் வேர்வை.

“பாப்பா, டாக்டர்கிட்ட சொல்லி என் தலையை ஸ்கேன் பண்ணச் சொல்லு. மூளைக்கும் போயிடுச்சு போல. நேத்து நடந்ததெல்லாம் ஞாபகம் வரல. நாளைக்கு உங்களையெல்லாம் யாருன்னு கேட்பேனா?”

அண்ணன் அழுது நான் பார்த்தது அன்றுதான். அப்பா செத்தபோதுகூட எங்களுக்காக அடக்கிக்கொண்டவர். வாசற்படியில் நின்ற அண்ணி சாமியறைக்குள் போனார். திரும்பி வந்து மஞ்சள் முடிச்சை அவர் மடியில் வைத்துவிட்டு, பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் அவிழ்த்தார். கிண்ணங்களில் மஞ்சள்தூள் ஒட்டியிருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “குறி கேட்டியா?” என்றார்.

“ஆமாங்க.”

“என்ன சொன்னாங்க?”

அண்ணி சொன்னார். நான் அண்ணியைத் திட்டுவதற்கு வாயெடுத்தேன். அண்ணன் கையைக் காட்டி அடக்கினார். “விடு பாப்பா. என் தலைக்கு ஒண்ணும் இல்லல்ல? அது போதும்.” பிறகு அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, “முடிக்காம போனா எனக்கு நெஞ்சு ஆறாது. முடிச்சா உனக்கு ஆறாது. நான் என்னம்மா செய்ய?” என்று கேட்டார்.

பிறகு வண்டியின் பாகங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பூட்டினோம். அண்ணன் நாற்காலியில் இருந்தபடி சொல்லச் சொல்ல, என் கணவர் மாட்டினார். ஒருநாள் மாலை என் கணவர் உதைத்து உதைத்துக் களைத்த பிறகு என்ஜின் பிடித்துக்கொண்டது. தெருவே எட்டிப் பார்த்தது. அண்ணனை நாங்கள் இரண்டு பக்கமும் தாங்கிக்கொள்ள, அவர் நின்றபடி முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஊர்ந்து போனார். கால் தரையில் படவில்லை. “விட்டுடாத மாப்ள, விட்டுடாத” என்று என் கணவரிடம் சொல்லிக்கொண்டே போனார். அண்ணி வெளியே வரவில்லை. உள்ளே காதைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறார்.

இறங்கியதும் அண்ணன் அண்ணியைக் கூப்பிட்டார். வண்டியைச் சுவரில் சாய்த்து வைக்கச் சொன்னார். மாட்டுவதற்காகச் சாயம் பூசி வைத்திருந்த பக்கவாட்டு ஸ்டாண்டை எடுத்து அண்ணியின் கையில் கொடுத்தார். “இந்தா, இதை மாட்டல. மாட்டவும் மாட்டேன். வேலை இன்னும் முடியல. பாத்துக்க” என்றார். அண்ணி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்த மஞ்சள் துணியிலேயே சுற்றி, அதே படத்துக்குப் பின்னால் வைத்தார்.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அண்ணன் போய்விட்டார். வலியில்லாமல் போனார் என்று எழுதச் சொன்னார்கள். அப்படி இல்லை. மூச்சுக்குத் தவித்துத்தான் போனார். பெட்டியை மூடும்போது அண்ணி, “நான் மாட்டலையே! நான் மாட்டவே இல்லையே!” என்று கதறியதை உங்களில் பலர் கேட்டீர்கள். அதிர்ச்சியில் புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டீர்கள். அவர் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. குறியில் வந்த வாக்கைத் தன் பக்கம் காப்பாற்றியும் பறிகொடுத்தவர் வேறெப்படி அழுவார்? குறி சொன்னவர்மேல் எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீரவில்லை. ஆனால் அந்த வாக்கு இல்லாவிட்டால் அந்த மாதங்களில் அண்ணி காலையில் எழுந்து அடுப்பைப் பற்றவைத்திருப்பாரா என்றும் தெரியவில்லை.

கடைசிவரை அருகிலிருந்து கவனித்த தாதியர், மறுக்காமல் பிரேமை ஒட்டிக் கொடுத்த தெப்ராவ் பட்டறைக்காரர், முகம் பார்க்காமலே பொருள் தேடித் தந்தவர்கள், இரவு பகல் பாராமல் உதவிய லாயாங் லாயாங் அண்டை வீட்டார், துக்கத்துக்கு வந்து தோள் கொடுத்த உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அண்ணிக்கு நான் நன்றி எழுதவில்லை. எழுதினால், “என்னைப் பிரிச்சு வைக்கிறியா?” என்று சண்டைக்கு வருவார்.

போன மாதம் என் கணவர், வண்டி சரிந்து விழுந்துவிடப் போகிறது, ஸ்டாண்டை மாட்டிவிடட்டுமா என்று கேட்டார். “வேணாண்ணே, அவரு வேலை இன்னும் முடியல” என்றார் அண்ணி. ஆகவே உறவுகளிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அண்ணன் வீட்டுக்கு வரும்போது வண்டி சுவரில் சாய்ந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். அதன் ஸ்டாண்ட் எங்கே என்று மட்டும் அண்ணியிடம் கேட்காதீர்கள்.