குளவி இல்லை என்று சொல்லி ஓடுங்கள்

ஓடுகிறவர்களுக்கு வழி காட்டும் வேலையில் பெரிய சங்கடம், வழி காட்டுகிறவளும் ஓடித்தான் ஆக வேண்டும் என்று எல்லோரும் நினைப்பதுதான். நான் ஓடமாட்டேன். காலமெல்லாம் மலையில் கொழுந்து எடுத்த முழங்கால் இது. ஏறும், இறங்கும், நடக்கும். ஓடச் சொன்னால் கோபித்துக்கொள்ளும். வாசிக்கிற உங்களுக்கும் முழங்கால் இருக்கும். போகிற ஊரிலெல்லாம் விடியற்காலையில் சப்பாத்து மாட்டிக்கொண்டு கிளம்புகிற வியாதியும் இருக்கலாம். ஆகையால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

புளத்கொகுபிட்டியவிலிருந்து மேலே ஏறும் ரோட்டில் இருக்கிறது எங்கள் தோட்டம். மேல் பக்கம் தேயிலை, கீழ்ப் பக்கம் ரப்பர். அங்கே ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்து, விருந்தினர் தங்கும் இடமாக நடத்துகிறார் மாவனல்லை நஸ்ரின் மிஸ். நான் கொழுந்து வேலையிலிருந்து விலகின பிறகு, தங்க வருகிறவர்கள் காலையில் ஓடுவதற்குப் பாதை காட்ட என்னைச் சேர்த்துக்கொண்டார். புது ஆட்களோடு பேச எனக்குக் கூச்சம். பேச வேண்டியதில்லை, கை காட்டினால் போதும் என்று அவர் சொன்னதால்தான் சம்மதித்தேன்.

பாதைகளெல்லாம் தோட்டத்துக்குச் சொந்தம். மூன்று மாதம் பார்ப்போம் என்றுதான் தோட்டத்தை நடத்தும் பெரிய துரை அனுமதி கொடுத்தார். தோட்ட வேலைக்கு ஒரு தடவை இடைஞ்சல் வந்தாலும் கேட்டைப் பூட்டிவிடுவார். பூட்டினால் விருந்தினர்களுக்கு மிச்சம் பஸ் ரோட்டு. எனக்கு மிச்சம் வீட்டு வாசல். எனக்கோ இந்த வேலை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

ஏழு முடக்கு

முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் காட்டும் பாதை, பங்களா கேட்டிலிருந்து ஃபேக்டரிக்கு இறங்கும் ரோட்டு. ஏழு முடக்கு, அதாவது ஏழு வளைவு. ஒவ்வொரு முடக்கிலும் பள்ளத்தாக்கு வேறு முகம் காட்டும். மூன்றாவதில் பனி காலுக்குக் கீழே கிடக்கும். ஐந்தாவதில் வெயில் கன்னத்தில் விழும். ரோட்டு இப்படிச் சுற்றிச் சுற்றிப் போக, தேயிலைக்கு நடுவே கொழுந்துக்காரிகள் போட்ட குறுக்குப் பாதை நேரே இறங்கும். ஓடுகிறவர் ஒரு முடக்கைத் தாண்டி அடுத்ததற்கு வருமுன், நான் குறுக்கால் இறங்கிக் குடையை ஊன்றிக்கொண்டு அங்கே நிற்பேன். வழி தவறாமல் இருக்க அது போதும்.

கொழும்பில் வங்கியில் வேலை செய்யும் ஒரு ஐயா வந்தார். நல்ல ஓட்டக்காரர். முதல் முடக்கில் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இரண்டாவதில் திரும்பிப் பார்த்தார். மூன்றாவதில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு வேகத்தைக் கூட்டினார். அவர் கூட்டக் கூட்ட நானும் அடுத்த முடக்கில் நின்றேன். ஃபேக்டரிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி அவர் கேட்டார்: “ஏம்மா, உங்க வீட்டுல அக்கா தங்கச்சி மொத்தம் எத்தனை பேரு? எல்லாருக்கும் ஒரே மாதிரி சீலையா எடுத்துக் குடுத்திருக்காங்க?”

ரப்பர் மலை

முழங்காலைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ரப்பர் மலைதான் நல்லது. மேடு பள்ளம் குறைவு, பாதை முழுக்க நிழல். இலை உதிரும் மாதங்களில் தரையெல்லாம் செம்பு நிறத்தில் கிடக்கும். மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம். அட்டை ஏறும். காலுறையில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டாலும் ஒன்றிரண்டு ஏறத்தான் செய்யும்.

குருநாகலிலிருந்து ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்திருந்தார். இடியப்பம் நன்றாக இருந்தது என்று இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டதில், வெயில் ஏறின பிறகுதான் ஓடக் கிளம்பினார். ரப்பர் காய் வெயிலில் வெடிக்கிற காலம் அது. தலைக்கு மேலே படார் என்று ஒரு காய் வெடித்தது. இன்ஸ்பெக்டர் மாத்தயா அப்படியே மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் படுத்துவிட்டார். தலையைத் தூக்காமல், என்னையும் படுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். இன்னொரு காய் வெடித்தது. கை இன்னும் அவசரமாக ஆடியது. அது காய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரிய மனிதர் படுத்திருக்கும்போது நான் நிற்பது மரியாதையில்லை என்று நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். ரப்பர்ப் பால் வாளியோடு அந்த வழியே வந்த பால்வெட்டுக்காரன் மாரிமுத்து வாளியை இறக்கி வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “அவருக்குக் காய் வெடிக்கிறது தெரியாது, சரி. நீ எதுக்குக்கா படுத்துக்கிட்டு இருக்க?”

ஓயாக் கரை

கீழே கிராமத்துக்கு இறங்கினால் வயல். வயலுக்கு அந்தப் பக்கம் ஓயா, எங்கள் சின்ன ஆறு. வரம்பு ஓரமாக ஓடி, பாகு எடுக்கும் கித்துள் மரங்களைத் தாண்டி, தொங்கு பாலத்தில் திரும்பி வரலாம். காலை வெயிலில் தண்ணீர் தங்கத் தகடு போலக் கிடக்கும். திரும்பி ஏறும்போது மட்டும் கொஞ்சம் அழுகை வரும்.

போகிறவர்களை எண்ணி அனுப்பி, வருகிறவர்களை எண்ணி உள்ளே எடுப்பது என் வழக்கம். அன்றைக்கு நான்கு பேர் போனார்கள். ஐந்து பேர் வந்தார்கள். குறைந்தால் தேடிப் போகலாம், கூடினால் என்ன செய்வது? மறுபடி எண்ணினேன். ஐந்துதான். ஐந்தாவது ஆள், வயதான ஒரு சிங்களவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நன்றாக வியர்த்திருந்தார். வயலில் மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தவர், இவர்கள் ஓடுவதைப் பார்த்து ஆசைப்பட்டுச் சேர்ந்துகொண்டாராம். நஸ்ரின் மிஸ் அவருக்கும் நாற்காலி போட்டுப் பப்பாளிப் பழம் கொடுத்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு அவர் சிங்களத்தில் என்னிடம் கேட்டார்: “நாளைக்கு எத்தனை மணிக்கு அக்கே? மாட்டைக் கொஞ்சம் முந்திக் கட்டிடுறேன்.”

கை வீசின டீச்சர்

எல்லாப் பாதையிலும் அழகானது மேல்மலை ரோட்டு. உச்சியில் கோயில், கீழே அடுக்கடுக்காகத் தேயிலை, தூரத்தில் நீலமாக மலைகள். ஆனால் அங்கே காலையில் கொழுந்து எடுப்பார்கள். அதனால் அந்தப் பாதைக்கு ஆள் அனுப்ப எனக்கு எப்போதும் பயம்.

மட்டக்களப்பு டீச்சர் ஒருவர், சின்ன வயசு, சிரித்த முகம், அங்கேதான் போவேன் என்றார். போனார். நான் குறுக்கால் ஏறி மேலே நின்றேன். கொழுந்துக்காரிகளைக் கண்டதும் அவருக்கு ஒரே சந்தோசம். வணக்கம் சொல்ல நினைத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே வீசிக்கொண்டு அவர்களைப் பார்த்து ஓடினார். எங்கள் மலையில் சந்தோசத்துக்காக யாரும் ஓடுவதில்லை. தலைக்கு மேலே கையை வீசிக்கொண்டு ஒருவர் ஓடி வந்தால் அதற்கு ஒரே காரணம்தான்: பின்னால் குளவி வருகிறது. ஒரு தடவை குளவி கொட்டி நான் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறேன். அதில் விளையாட்டே கிடையாது. ஒருத்தி “குளவி!” என்றாள். கூடைகள் உருண்டன. அத்தனை பேரும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தை நோக்கி ஓடினார்கள். எல்லோரும் ஓடுவதைப் பார்த்த டீச்சர், தனக்குப் பின்னால் ஏதோ வருகிறது என்று இன்னும் வேகமாக ஓடினார். அன்றைக்கு நானும் ஓடினேன். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை.

மடுவத்துக்குள் கதவைச் சாத்தி, எல்லோரும் மூச்சு வாங்கினோம். என் பக்கத்து நிரையில் வெகுகாலம் கொழுந்து எடுத்த செவனம்மா டீச்சரின் தலையிலும் கழுத்திலும் தடவித் தேடினாள். “எங்க தாயி கொட்டுச்சு? எத்தனை?” என்றாள். டீச்சர் முழித்தார். “ஒண்டும் கொட்டேல்ல அம்மா. நான் சும்மாதான் ஓடினன்.”

செவனம்மா கொடுத்த சட்டம்

கொழுந்து சிந்தியது, வேலை நின்றது. மத்தியானமே துரைக்குத் தெரிந்துவிட்டது. நஸ்ரின் மிஸ்ஸோடு நானும் தோட்ட ஒபிசுக்குப் போய்ப் பின்னால் நின்றேன். துரை சத்தம் போடவில்லை. சனிக்கிழமை காலை தானே வந்து அந்தப் பாதையில் ஓடிப் பார்ப்பதாகவும், கேட்டைப் பூட்டுவதா இல்லையா என்று அதற்குப் பிறகு சொல்வதாகவும் சொன்னார்.   

சாயந்தரம் டீச்சரையும் கூட்டிக்கொண்டு, கொழுந்துக்காரிகள் குடியிருக்கும் லயத்துக்குப் போனோம், மன்னிப்புக் கேட்க. அங்கே பார்த்தால், ஒருத்தி ஓடினது போல இன்னொருத்தி ஓடிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். செவனம்மாதான் வழி சொன்னாள். ஓடுகிறவர்கள் கையைத் தூக்கக் கூடாது. கொழுந்துக்காரிகளுக்குக் கிட்ட வரும்போது “குளவி இல்லை, குளவி இல்லை” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். “அவ்வளவுதானே? எல்லாருக்கும் நான் செல்லிக் குடுக்கிறேன்” என்றார் மிஸ். மறுநாளே ஜெர்மனிக்காரர் ஒருவர் வராந்தாவில் நடந்து நடந்து அதைப் பாடம் பண்ணினார். டீச்சருக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. நிஜமாகவே குளவி வந்தால் என்ன சொல்லிக்கொண்டு ஓடுவது என்று கேட்டார். செவனம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: “அப்ப ஒண்ணும் சொல்ல நேரம் இருக்காதுங்க தாயி.”

சனிக்கிழமை

துரை கறுப்புக் காற்சட்டையும் முழங்கால் வரைக்கும் காலுறையும் போட்டு வந்தார். பள்ளிக்கூடத்தில் ஓடினவராம். அவரோடு காலி ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த இரண்டு சகோதரிகளும் ஓடினார்கள். நான் குறுக்கால் ஏறி மேல்முடக்கில் நின்றேன். சகோதரிகள் முதலில் வந்தார்கள். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “குளவி இல்லை, குளவி இல்லை” என்று சிங்கள வாயால் அழகாகச் சொன்னார்கள். கொழுந்துக்காரிகள் தலையைக்கூட நிமிர்த்தாமல் “சரிங்க, போங்க” என்றார்கள். கொழுந்து எடுக்கிற விரல் ஒன்றும் நிற்கவில்லை. என் வேலை தப்பியது என்று எனக்கு ஆறுதல் வந்தது.

துரை பின்னால் வந்துகொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் தோட்டத்தில் தான் வருவதை யாருக்குச் சொல்ல வேண்டும்? ஆனால் ரோட்டோரத்தில் கொழுந்துச் சாக்கு ஒன்று வெயிலில் கிடப்பது அவர் கண்ணில் பட்டது. கங்காணியைக் கூப்பிட, ஓடிக்கொண்டே இரண்டு கையையும் உயரத் தூக்கி “ஏய்!” என்றார். கூடைகள் மறுபடி உருண்டன. ஒரு நொடியில் மலை காலி. நடு ரோட்டில் துரை, முடக்கில் நான். சிந்தின கொழுந்தைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் குடைக் கைப்பிடியைப் பார்த்தேன். மடுவத்திலிருந்து செவனம்மாவின் குரல் மட்டும் வந்தது: “தொரைங்களா? ‘குளவி இல்லை’ன்னு சத்தம் வரலீங்களே, நாங்க என்னத்தக் கண்டோம்?” துரை மெல்ல மதகில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து கிட்டப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். மடுவத்துக் கதவு திறந்தது, அவர்களும் சிரித்தார்கள்.

பங்களாவுக்கு வந்து இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்தார். நஸ்ரின் மிஸ் மூன்றாவதை ஊற்றப் போகும்போதுதான் தீர்ப்புச் சொன்னார்: “கேட்டைத் திறந்தே வைங்க மிஸ். இன்னைக்கு வேலைய நிப்பாட்டினது விருந்தாளி இல்லைங்கிறதுக்கு நானே சாட்சி. ஆனா நான் சாட்சிங்கிறது கொழும்பு ஹெட் ஒபிசுக்குத் தெரிய வேணாம்.”

ஆக, பயணம் போகிற ஊரில் ஓடுவதற்கு நல்ல பாதை எது என்று என்னைக் கேட்டால், உங்களைப் பார்த்து அந்த ஊர்க்காரர்கள் ஓடாமல் நிற்கிற பாதைதான் என்று சொல்லுவேன்.