எடைமேடைக்குப் பெங்குயினைக் கொண்டுவந்த பாஸ்கர்

செத்துப்போன மனுஷனுக்கு இன்று காலை வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறேன்.

"இன்னா நைனா, உயிரோட கீறியா இல்லியா? சிஸ்டம் படுத்துக்கிச்சு, லாரிங்க லைன்ல நிக்குது, சீக்கிரம் கூப்புடு."

பாஸ்கர் விடியற்காலையே போய்விட்டார். ஹார்ட் அட்டாக். குரூப்பில் போட்டிருந்தார்களாம்... குட்மார்னிங் ரோஜாப்பூ வருகிற குரூப் என்று அதை மியூட்டில் வைத்திருந்த புத்திசாலி நான்.

விஷயம் தெரிந்து, அந்த மெசேஜை எப்படி அழிப்பது என்று மகளிடம் கேட்பதற்குள் நீல டிக் விழுந்துவிட்டது. மெசேஜைப் போட்டுக் கேட்டது பாஸ்கர் மனைவி சுமதி.

தெரியாதவர்களுக்கு... மீஞ்சூர் பாஸ்கர் ஒரு ஃப்ரீலான்ஸ் புரோகிராமர். கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கிற எடைமேடையில் லாரி ஏறி நின்றதும் கம்ப்யூட்டர் எடைச்சீட்டு அடித்துத் தருகிறதே, அது அவர் எழுதின புரோகிராம்.

முதல் நாளே கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டார். இதற்கு ஓனரே கிடையாது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று அவ்வளவு ஆசையாக விளக்கினார். பத்தாவதோடு நின்ற எனக்குப் புரிந்தது ஒன்றுதான். என் சீட்டாட்ட கேம் காணோம்.

கொஞ்ச நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் ட்ரெயின் பிடித்து வந்து, தானே எழுதிய சீட்டாட்டம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். தோற்றால் ஸ்க்ரீனில் வரும்... "லாரி வந்துச்சு, எந்திரிங்கணா."

அதையும் இன்டர்நெட்டில் ஊருக்கே சும்மா கொடுத்துவிட்டார். எந்த நாட்டுக்காரரோ அதில் ஒரு தப்பைத் திருத்தி அனுப்பினாராம். அந்தச் சந்தோஷத்துக்கு எனக்கு ஜிலேபி.

"அந்தாளுக்கு இன்னா சம்பளம்?" என்று கேட்டேன்.

"எனக்கு மட்டும் இன்னா சம்பளமாம்? சாப்புடுணா."

ஜிலேபி நன்றாக இருந்தது. மேற்கொண்டு கேட்கவில்லை.

மானிட்டரில் ஒரு பெங்குயின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். லினக்ஸுக்கு அதுதான் அடையாளமாம். ஆயுத பூஜைக்கு அந்தப் பெங்குயினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். சிரிப்பார் என்று பார்த்தால், செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

மதியம் மீஞ்சூர் போனேன். வாசலில் அவருடைய லினக்ஸ் நண்பர்கள், எல்லோரும் பெங்குயின் போட்ட டி-ஷர்ட்டில். சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் என்னை ஓரங்கட்டி, இது எந்தக் கட்சி என்று கேட்டார். ஓனர் இல்லாத கட்சி என்றேன்.

"ஓ... சுயேச்சையா" என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

இதை பாஸ்கரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன்.

உள்ளே போனால் சுமதி எழுந்து வந்தார். மெசேஜுக்கு மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"லாரிங்கல்லாம் இன்னும் நின்னுக்கினு கீதாணா? அவரு எழுதுனது பாதியில நின்னுச்சுன்னு இன்னிக்கிப் பாத்து யாரும் சொல்லக் கூடாதுணா."

பக்கத்தில் நின்ற பெங்குயின் நண்பர் அதற்குள் லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பைக்கில் இப்போதே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்கிறார். எனக்கு வேர்த்துவிட்டது.

"அதெல்லாம் சரியாயிடுச்சும்மா. நல்லா ஓடிக்கினு கீது."

சுமதி முகத்தில் ஒரு சின்ன நிம்மதி. போய் உட்கார்ந்துகொண்டார்.

மாலையைப் போட்டுவிட்டு, ஃப்ரீசர் பாக்ஸ் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். சுற்றி ஆட்கள்... வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

போய்ட்டு வா நைனா. சிஸ்டம் படுக்கவே இல்ல. லாரி ஒண்ணும் வரல, உன்கூடப் பேசிக்கினு இருக்கலாம்னுதான் கூப்ட்டேன்.