மேச்சேரி ஆட்டுக் கம்பளியும் கவிதாவின் கட்டுரையும்

கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிற எங்களுக்கு முன்பெல்லாம் பேப்பர் திருத்தினால் கண் வலிக்கும். இப்போது நெஞ்சே வலிக்கிறது. என்னைப் போல அசைன்மென்ட் கட்டுகளோடு அல்லாடும் சக ஜீவன்களே, கொஞ்சம் கேளுங்கள்.

கம்பளி ஆடு

‘உங்கள் வீட்டுத் தொழில்’ என்று இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கட்டுரை கொடுத்தேன். சொந்த வீட்டைப் பற்றி எழுத எந்த ஏஐ வரப்போகிறது என்ற தைரியம்தான். மேச்சேரியிலிருந்து வரும் சதீஷ் வீட்டில் ஆட்டுப்பட்டி இருக்கிறது. அவன் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருடா வருடம் ஆட்டு ரோமம் கத்தரித்து, கம்பளி விற்றுத்தான் குடும்பம் பிழைக்கிறதாம்! மேச்சேரி ஆட்டைக் கறிக்கும் தோலுக்கும்தான் வளர்ப்பார்கள். கத்தரிக்க அதன் மேல் ஒன்றுமே கிடையாது.

"ஏம்ப்பா, தினமும் அந்த ஆட்டைப் பார்க்கிறவன்தானே நீ?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

"எங்கூட்டு ஆட்டுக்கு முடி இல்லீங்க மேடம். ஆனா அந்த ஏஐ அவ்வளவு நல்லா இங்கிலீஷ்ல சொல்லுச்சுங்க, நாந்தான் சரியா பாக்கலையோன்னு நெனச்சுட்டேனுங்க."

சுற்றறிக்கை

இதைக் கேள்விப்பட்டு எங்கள் துறைத்தலைவர் கொதித்துப் போனார். ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கிற மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்தார். அது சிவப்பு காட்டினால் இன்டர்னல் மார்க் பூஜ்யம் என்று அழகான ஆங்கிலத்தில் சுற்றறிக்கையும் விட்டார். நான் சும்மா இருக்காமல் அந்தச் சுற்றறிக்கையையே மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை சிவப்பு! அவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். மனிதர் அசரவே இல்லை.

"நான் என்னம்மா பரீட்சையா எழுதறேன்? நிர்வாகம் பண்றேன்."

குமாரபாளையத்துப் பெண்

அடுத்து சிவப்பு காட்டியது கவிதாவின் கட்டுரைக்கு. குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் வீட்டுப் பெண். கரண்ட் போனால் தறி நின்று ஆர்டர் தள்ளிப்போவதைப் பிழையே இல்லாமல் எழுதியிருந்தாள். "இவளுக்கு ஏது இவ்வளவு இங்கிலீஷ்?" என்று தலைவர் பூஜ்யம் போடப் பேனாவை எடுத்துவிட்டார். போட்டால் அந்தப் பேப்பரில் அவள் தேறுவதே சந்தேகம். எனக்குப் பதறியது. நேரில் கேட்டுவிடலாம் என்று அவரோடு மல்லுக்கட்டி அவளை வரவழைத்தேன். வந்தவள், கட்டுரையைப் பார்க்காமலே, கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். தலைவர் முனகிக்கொண்டே முழு மார்க் போட்டார்.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அடுத்த அசைன்மென்ட்டில் அவள் எழுதியதைப் படித்ததும் ஆடிப்போய்விட்டேன். வரிக்கு வரி பிழை. "என்ன கவிதா இது?" என்றேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வேணும்னேதானுங்க மேடம் தப்பு உட்டேன். இந்தளவுக்கு இருந்தா நாந்தான் எழுதுனேன்னு நம்புவீங்களாங்க?"

அந்தத் தாளில் இருக்கிற ஒவ்வொரு பிழையையும் சிவப்பு மையால் சுழித்துவிட்டேன், ஆனால் அதற்கு மார்க்கைக் குறைப்பதா கூட்டுவதா என்று தெரியாமல் இன்னும் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.