செம்புச் சுரங்கத்துக்கு அப்பா கொடுத்த வீடு

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் முதலில் சங்கு ஊதும். பிறகு கொஞ்ச நேரம் எல்லாம் அடங்கிக் கிடக்கும். அதன் பிறகு தரைக்கு அடியில் எங்கிருந்தோ ஒரு குமுறல் எழுந்து வந்து ஜன்னல் கண்ணாடிகளை நடுங்க வைத்து, மேசையிலிருந்த பருப்புக் கறியில் வட்டம் வட்டமாக அலை கிளப்பிவிட்டுப் போகும். சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கும் சத்தம் அது. அம்மா அதற்கு "மாமன் இருமுறார்" என்று பெயர் வைத்திருந்தார். "மாமன் இருமி முடிச்சிட்டார், இனிச் சாப்பிடு" என்பார். நானும் சிரித்துக்கொண்டு சாப்பிடுவேன்.

சாம்பியாவின் வடமேற்கில், செம்பு எடுக்கும் ஓர் ஊரில் நாங்கள் இருந்த காலம் அது. எனக்குப் பதினொரு வயது. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகக் கனடாவின் மொன்றியலுக்கு வந்தவர். ஊரில் பொறியியல் படித்தவர்தான் என்றாலும் இங்கே சென்ட் லோரன்டில் ஒரு பண்டகசாலையில் பெட்டி தூக்கி, மறுபடியும் படித்து, மறுபடியும் பரீட்சை எழுதி, கடைசியில் சுரங்கங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை எடுத்தார். அந்த அலுவலகம் அவரைச் சாம்பியாவுக்கு அனுப்பியபோது, மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸில் இருந்த எங்கள் வாடகை வீட்டைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு மூன்று பேரும் விமானம் ஏறினோம்.

நாங்கள் போன புதிதில் ஒரு பெட்ரோல் நிலையமும் ஒரு சந்தையும் ஒரு சுற்றுவட்டமுமாக இருந்த அந்த ஊர், எங்கள் கண் முன்னாலேயே ஊதிப் பெருத்தது. வங்கிகள் வந்தன, கண்ணாடி வைத்த பேரங்காடி வந்தது, லொறிகள் ஓயாமல் ஓடின, வேலை தேடி எங்கெங்கோ இருந்து வந்த இளைஞர்கள் வாடகைக்கு அறை கிடைக்காமல் கட்டி முடியாத சுவர்களுக்குள் படுத்தார்கள். நாங்கள் இருந்ததோ வேலி போட்ட குடியிருப்பில். அதை எல்லோரும் "காம்ப்" என்பார்கள். அங்கே புல்தரை இருந்தது. புல்லுக்கு நாள் முழுவதும் தண்ணீர் தெளிக்கும் குழாய்களும் இருந்தன.

சுரங்கக் குழி அகலமாக வேண்டியிருந்தது. தோண்டிய மண்ணைக் கொட்ட இடமும் வேண்டியிருந்தது. அந்த இடத்தில் ஒரு கிராமம் இருந்தது. மேலதிகாரிகள் வரைபடங்களோடு பலமுறை போய்ப் பேசிப் பார்த்தார்கள். சனங்கள் அந்த இடத்தை விட்டு எழும்ப மாட்டோம் என்றார்கள். கடைசியில் அந்த வேலை அப்பாவிடம் வந்தது.

அப்பாவிடம் ஒரு கதை இருந்தது. மொன்றியலில் எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது அவரைச் சொல்ல வைத்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் பலாலிப் பக்கம் இருந்த எங்கள் வீட்டை இராணுவம் வேலி போட்டு வளைத்த கதை. நான் அந்த வீட்டைக் கண்டதேயில்லை; ஆனாலும் கடலுக்குக் கிட்ட இருந்தும் உப்புக் கரிக்காத அதன் கிணற்று நீர் எப்படி இருக்கும் என்று என் நாக்குக்குத் தெரியும். அப்பா அப்படிச் சொல்லுவார். அவர் சொல்லி முடிக்கும்போது பெரியவர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் வீடுகளை நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை அப்பா அம்மாவிடம், "இஞ்சாரும், இண்டைக்கு நீரும் பிள்ளையும் என்னோட வாருங்கோ. சீலை உடுத்துக்கொண்டு வாரும்" என்றார். அங்கே அம்மா சீலை உடுத்ததேயில்லை. "ஏன் சீலை?" என்று கேட்டார். "சும்மா, ஒரு மரியாதைக்கு" என்றார் அப்பா.

கூட்டம் கிராமத்துத் தேவாலயத்தில் நடந்தது. மண்கல் சுவரும் தகரக் கூரையுமான சின்னக் கட்டடம். எங்கள் பக்கத்தில் ரூத் என்ற பெண் இருந்தார். காம்புக்கு வற்றாளங்கிழங்கு கொண்டுவந்து விற்பவர், அதனால் அம்மாவுக்கு முன்பே பழக்கம். மடியிலிருந்த வறுத்த கச்சான் கடலையில் ஒரு பிடியை என் கையில் வைத்தார்.

அப்பா எழுந்து ஆங்கிலத்தில் பேச, தேவாலயத்து மூப்பர் ஒருவர் அவர்கள் மொழியில் சொன்னார். வரைபடத்தை அப்பா விரிக்கவேயில்லை. "எனக்கும் ஒரு வீடு இருந்தது" என்று தொடங்கினார். பிறந்தநாள் விழாக்களில் நான் கேட்ட அதே கதை, அதே கிணறு. அது வேலிக்குள் போன இடத்தில் அவருடைய குரல் உடைந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பிறகு, "எங்களை ஒருவரும் கேட்கவில்லை. உங்களைக் கேட்கிறார்கள். புது வீடு தருகிறார்கள், தண்ணீர் தருகிறார்கள். எல்லாம் இழந்த நான் இன்று எப்படி இருக்கிறேன், என் மனைவியைப் பாருங்கள், என் மகளைப் பாருங்கள்" என்றார்.

எல்லோரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். வாயில் கச்சானோடு நான் குனிந்துகொண்டேன். ரூத் அழுதுகொண்டே அம்மாவின் கையைப் பிடித்திருந்தார். சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்று மூப்பர் கேட்டபோது, அந்தக் கையை விட்டுவிட்டு முதலில் தூக்கியவரும் அவர்தான்.

திரும்பி வரும் வழியில் அப்பா உற்சாகமாக இருந்தார். "சனம் விளங்கிக் கொண்டிட்டுது" என்றார். அம்மா வெகுநேரம் வெளியே பார்த்தபடி வந்தார். பிறகு, "அது எங்கட துக்கம். அதை ஏன் அங்க கொண்டுபோய் வித்தனீங்கள்?" என்று கேட்டார்.

"நான் பொய் ஒண்டும் சொல்லேல்லையே."

"ஓம். பொய் சொல்லியிருந்தாக் கூடப் பரவாயில்லை."



மழை தொடங்குவதற்குள் கிராமம் பெயர்ந்தது. கோழிக் கூடுகளும் கழற்றிய கதவுகளும் லொறிகளில் போயின. புது வீடுகள், தகரக் கூரை வெயிலில் மின்ன, ஒரே அச்சில் வார்த்தவை போல வரிசையாக நின்றன. நிலம் கல் நிலம். அடிபம்பில் கொஞ்ச நாள் செந்நிறமாகத் தண்ணீர் வந்தது. பிறகு அதுவும் நின்றது. அப்பா கூட்டங்களில் அதைப் பற்றிக் கேட்டாராம். அது ஒப்பந்தக்காரரின் பொறுப்பு என்றார்களாம், ஒப்பந்தக்காரர் அரசாங்கத்தைக் கை காட்டினாராம். இரவுச் சாப்பாட்டில் இதை அம்மாவிடம் சொல்லும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

ஒரு பின்னேரம் காம்ப் வாசலில் ரூத் வந்து நிற்பதாகக் காவலாளி சொல்லி அனுப்பினார். அப்பா வீட்டில்தான் இருந்தார். "நான் இல்லையெண்டு சொல்லும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனார். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

ரூத் மெலிந்திருந்தார். அவர் கோபமாகப் பேசவில்லை. எங்களுக்குப் புரிய வேண்டும் என்று ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிப் பேசினார். "உங்கள் வீட்டுக்காரர் தன்னுடைய கிணற்றைப் பற்றிச் சொன்னார். அதனால்தான் நான் கை தூக்கினேன். கிணற்றை இழந்த மனிதன் இன்னொருவரைத் தண்ணீர் இல்லாத இடத்துக்கு அனுப்பமாட்டான் என்று நினைத்தேன்."

அம்மா, அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. எங்களுக்குப் பின்னால் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் சீறிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் ரூத்துக்குக் கேட்கக்கூடாதே என்று நான் மனதுக்குள் மன்றாடியது இன்றைக்கும் நினைவிருக்கிறது. நினைத்தால் காதும் கன்னமும் சுடும். அவர் எங்களைக் கடந்து அந்தப் புல்லை ஒரு தரம் பார்த்தார். பிறகு வந்த வழியே போனார். காம்புக்குக் கிழங்கு கொண்டு அவர் பிறகு வரவேயில்லை.

அடுத்த வருடம் நாங்கள் மொன்றியலுக்குத் திரும்பினோம். அப்பாவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. மொன்றியலை அடுத்த லவாலில் வீடு வாங்கினோம். நான் பல்கலைக்கழகம் போனதும் அந்தச் சம்பளத்தில்தான். இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வெட்கம் சம்பளத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை.

அந்த ஊர் இப்போது பெரிய பட்டணம். கணினியில், வானிலிருந்து எடுத்த செய்மதிப் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தால் நாற்சந்திகளும் நீல நிறக் கூரைகளும் தெரிகின்றன. தேவாலயம் இருந்த இடத்தில் சாம்பல் நிறமாக ஒரு மலை. அந்தக் கிராமத்தின் பெயரை எழுதித் தேடினால் ஒன்றும் வருவதில்லை. ரூத் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அவருடைய முழுப் பெயரைக்கூட நாங்கள் கேட்டதில்லை.

பலாலிப் பக்கத்துக் காணியை இராணுவம் இப்போது விட்டுவிட்டது. சித்தப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அப்பா போகவில்லை. விழாக்களில் யாராவது, "அண்ணை, அந்த வீட்டுக் கதையைச் சொல்லுங்கோவன்" என்று கேட்டால் குளிர்ச் சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறார். சாம்பியாவிலிருந்து வந்த பிறகு அவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

போன மாதம் என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தாத்தா பாட்டிமார் வளர்ந்த வீட்டைப் பற்றிக் கேட்டுவரச் சொன்னார்கள். அவள் லவாலுக்கு வந்து, பாதி பிரெஞ்சும் பாதி தமிழுமாக, "அம்மப்பா, உங்கட வீட்டுக் கதையைச் சொல்லுங்கோ" என்றாள். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு நின்றார். அப்பா சிறிது நேரம் அவளுடைய தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கதை இப்ப என்னட்டை இல்லை, பிள்ளை" என்றார். "குடுத்திட்டன்."

"ஆருக்கு?" என்று அவள் கேட்டாள். மூன்று பெரியவர்கள் அந்த அறையில் இருந்தோம். ஒருவரும் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.