ஜெர்சிக்குள் ஒரு மைக்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மைதானத்தின் கேலரியில் உட்கார்ந்து, என் கணவர் எனக்குப் பொய் சொல்வதைக் கண்ணால் பார்த்தேன். அரை நிமிடம் கழித்து, அது பொய் என்று என் போன் சொன்னது.

எனக்கு மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. ஊருக்கே சொன்னது.

கோபத்தில் எழுதுகிறேன். முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் கால்பந்து ஆடிச் சம்பாதிக்கிறவர். ஆமாம், அதுதான் வேலை. ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் இதைச் சொன்னால், "அது சரிம்மா, வேலைக்கு எங்க போறாரு?" என்று இன்னமும் கேட்கிறார்கள். சென்னை கிளப் ஒன்றில் நாலு வருடம் டிஃபெண்டர். இப்போது வயது முப்பத்தொன்று. அந்த ஆட்டத்தில் அது கிட்டத்தட்ட ரிட்டயர்மென்ட் வயது. அடுத்த சீசனுக்குக் கேரளத்து கிளப் ஒன்று கூப்பிட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை மெடிக்கல் டெஸ்ட். தேறினால் கையெழுத்து.

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் இந்த ஸ்ரீவில்லிபுத்தூர் போட்டி. சொந்த ஊர்ப் பக்கம்... வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

போட்டியை யூடியூபில் லைவ் போடும் சேனல்காரர்கள் இந்த வருடம் புதுசாக ஒன்று கொண்டுவந்தார்கள். அணிக்கு ஒருவருக்கு மைக். ஜெர்சிக்குள் போடும் பனியனில், முதுகுப் பக்கம், தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. ஓடினால், மூச்சு வாங்கினால், யாரையாவது திட்டினால் — எல்லாம் கேட்கும்.

அவருக்கு இஷ்டமில்லை. "கிரவுண்டுக்குள்ள ஆயிரம் பேசுவோம்டி. அதப் போயி எதுக்கு வெளிய விடணும்?" என்றார்.

போடச் சொன்னது யார் தெரியுமா? நான்தான்.

எங்கள் மீனுவுக்கு நாலு வயது. அப்பா மாதக்கணக்கில் வெளியூர். போனில் மேட்ச் ஓடும்போதெல்லாம், "அப்பா ஏம்மா பேச மாட்டேங்காரு?" என்பாள். இந்தத் தடவை பேசுவாரே என்று ஆசைப்பட்டேன். ஃபார்ம் மூன்று பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். "நீதான படிச்சவ, பாத்துச் சொல்லு" என்று நீட்டினார். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "போடுங்க" என்றேன். பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் இருக்கும் பொடி எழுத்தை எல்லாம் படித்த பிறகுதான் பிள்ளைக்குப் பிரித்துக் கொடுப்பவள் நான்! மூன்றாம் பக்கத்தைப் புரட்டவில்லை. பதிவாகும் எந்தச் சத்தத்தையும் எப்போதும், எங்கேயும் பயன்படுத்திக்கொள்ளலாம் — அது அங்கேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானும் மீனுவும் ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். கண் மைதானத்தில், காது போனில். லைவ் என்று பெயர்தானே தவிர, அது அரை நிமிடம் பிந்தித்தான் வருகிறது. கேலரி கத்தி ஓய்ந்த பிறகு போன் கத்தும். மீனுவுக்கு ஒரே சிரிப்பு.

அப்பா குரல் வந்தது. "ஏலே, பின்னால பாரு! பின்னால பாரு! தூங்குதியா?"

"அப்பா எல்லாரையும் வையுதாரும்மா" என்று மீனு பூரித்துப்போனாள். நானும்தான்.

இரண்டாம் பாதியில் எதிரணிக்காரர் ஒருவர் வந்து மோதினார். இவர் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். கூட ஆடும் சேவியர் ஓடிப்போய்க் குனிந்தார். ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு எழுந்தார். கேலரியில் எங்களைத் தேடி, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். சிரித்தார் வேறு.

அப்பாடா என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் காதில் வந்தது.

"சேவி, முட்டி போச்சுலே... பழைய எடந்தான். ஒரு மாசமாவே சரியில்ல."

"வெளிய போயிருங்கண்ணே."

"சத்தங்காட்டாத. செவ்வாக்கெழம மெடிக்கல் இருக்கு. கேலரில அவ வேற இருக்கா, பாத்தான்னா அழுதுருவா. தூக்கி விடு. செத்த நேரம் நின்னுட்டாப் போதும்."

மீனு என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, அப்பாக்கு முட்டி போச்சா?"

கண்ணெதிரே சிரித்துக்கொண்டு நிற்கிறார். காதுக்குள் முனகுகிறார். தொடைப் பிடிப்பு என்று சொல்லி ஒரு மாதமாக என்னைத் தைலம் தேய்க்க வைத்த மனுஷன்!

மறுநாள் காலையில் அந்த முனகலை மட்டும் தனியாக வெட்டி ரீல்ஸ் வந்துவிட்டது. பின்னணியில் சோக வயலின். 'மனைவிக்குப் பயந்து முட்டியை மறைத்த வீரர்!' என்று தலைப்பு. கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள்.

பத்து மணிக்குக் கேரளத்து மேனேஜர் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். மெடிக்கலுக்கு வர வேண்டியதில்லை என்றார். இவர் "சரி சார்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

செவ்வாய்க்கிழமை மதுரையில் ஸ்கேன் எடுத்தோம். முட்டிக்குள் ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது. இதோடு ஆடியிருந்தால் முழுக்கப் போயிருக்கும் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து தெருவே மைக்குக்கு நன்றி சொல்கிறது. "பாத்தியாம்மா, அந்த மைக்குதான் காப்பாத்திருக்கு. மறைச்சது தப்புதான?" என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி.

தப்புதான். அதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டு நான் போட்ட சண்டை எனக்கும் அவருக்கும் தெரியும். "மெடிக்கல் முடிஞ்ச பொறவு சொல்லிருப்பேன்டி" என்கிறார். சொல்லியிருப்பாரா? தெரியவில்லை. எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் தடுத்திருப்பேனா, அல்லது வாயை மூடிக்கொண்டு பையைக் கட்டிக் கொடுத்திருப்பேனா? சத்தியமாக அதுவும் தெரியவில்லை.

ஆனால் ஒன்று தெரியும். அந்த முட்டி அவருடையது. அதைப் பற்றி என்னிடம் சொல்ல வேண்டியதும் டாக்டரிடம் சொல்ல வேண்டியதும் அவர். சேனல் அல்ல.

ரசிகர்களை ஆட்டத்துக்கு நெருக்கமாகக் கொண்டுபோகிறார்களாம். எவ்வளவு நெருக்கம் வேண்டும்? உங்கள் ஆபீஸில் உங்கள் சட்டைக்குள் ஒரு பெட்டியைச் சொருகி, பக்கத்து சீட்டில் நீங்கள் முனகுவதை ஊருக்குப் போட்டுக் காட்டினால் ஒப்புக்கொள்வீர்களா? 'பிரஷர் கூடிருச்சுப்பா, மேனேஜர்ட்ட சொல்லிராத' என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதே இல்லையா?

புதன்கிழமை அந்தச் சேனல்காரர் வீட்டுக்கே வந்தார். கையில் மைக்கோடு.

"அக்கா, ரெண்டே நிமிஷம். உங்க சைடுல இருந்தும் ஒரு பேட்டி..."

"அந்த எடத்த வெட்டிருக்கலாம்லப்பா?"

"அது லைவு, அக்கா. எப்படி வெட்ட?"

"சரி. மறுநா காலைல வயலின் போட்டீங்களே... அதுவும் லைவா?"

தலையைச் சொறிந்தார். "அதுதாங்க்கா ஓடுது. எம்புட்டு வியூஸ் தெரியுமா?"

கையில் இருந்த மைக்கில் சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. "அத மொதல்ல அமத்து" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மீனு எழுந்து போய், நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அப்பாவின் முதுகைத் தடவிப் பார்த்தாள். பெட்டி இருக்கிறதா என்று.

சேனல்காரரை அனுப்பிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. நானும் இப்போது அதே முட்டியைத்தானே ஊருக்குச் சொல்கிறேன்?

எழுதியதை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் முழுக்க வாசித்துக் காட்டினேன். மூன்றாம் பக்கம் வரைக்கும். கண்ணை மூடிக் கேட்டார். ஓரிடத்தில் கண்ணைத் திறந்து, "அந்த ரெண்டு வரி வேண்டாம்டி" என்றார்.

நல்ல வரிகள். வெட்டிவிட்டேன். ஐந்து விநாடிகூட ஆகவில்லை.