பொட்டாசியம் ஏறிய ஞாயிற்றுக்கிழமை

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் படுத்துவிட்டன. டயாலிசிஸில்தான் காலம் போகிறது. பொட்டாசியம் உடம்பில் சேரக் கூடாது என்பதால், எங்கள் வீட்டில் காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தாளிப்போம். பாதிப் பொட்டாசியம் அதோடு போய்விடும்.

போன வருடம் நான் காய்ச்சலில் விழுந்தேன். சமைத்துப் போட அவருடைய அக்கா ஊரின் மறுகோடியில் இருக்கும் சந்தாபுராவிலிருந்து காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார். நான் அண்ணி என்று கூப்பிடும் அவரிடம் எதற்கும் ஒரு சொலவடை இருக்கும். “படுத்தவ எழுந்தா பாயும் சிரிக்கும்” என்று கஞ்சியை நீட்டுவார். எனக்கு அந்தப் பேச்சே பாதி மருந்து.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவரால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை.

“காலு ரெண்டும் என்னுது மாதிரியே இல்ல” என்றார்.

“கடைக்கு அனுப்புனா அவனுக்குக் காலு வராது. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்” என்றார் அண்ணி.

அவர் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் ஆட்டோக்காரரும் தூக்கித்தான் வண்டியில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்த டாக்டர், “ரத்தத்துல பொட்டாசியம் ரொம்ப ஏறியிருக்கு. ஹார்ட் நின்னுடலாம். டயாலிசிஸ் மெஷின் ரெடியாகறவரைக்கும் இன்சுலின் போடறோம்” என்றார்.

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மரத்துப்போன கையைத் தொட்டால் தொட்டது மட்டும் தெரியுமே, அப்படி அந்த வார்த்தைகள் வந்து பட்டன.

“அவருக்கு சுகரே இல்லீங்களே?” என்று நர்ஸிடம் கேட்டேன்.

“சுகருக்கு இல்லக்கா” என்றாள் அந்தப் பெண், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஒவ்வொரு செல்லோட சுவத்துலயும் பம்ப் இருக்கு. மூணு சோடியத்த வெளிய தள்ளிட்டு, ரெண்டு பொட்டாசியத்த உள்ள இழுக்கும். பொட்டாசியம் உள்ளதான் இருக்கணும். வெளிய ஏறிப்போனா நரம்பு, சதை எதுவும் சொன்னத கேக்காது. இன்சுலின் போட்டா அந்த பம்ப் வேகமா இழுக்கும். கூடவே குளுக்கோஸ் தர்றோம், சுகர் எறங்கிடாம இருக்க.”

“அப்ப சரியாயிடுமா?”

“சொல்ப டைம் கெடைக்கும், கொஞ்ச நேரம். வாசல்ல நிக்கிற கூட்டத்த வீட்டுக்குள்ள உக்கார வெக்கிறோம், அவ்வளவுதான். ஊரை விட்டு அனுப்பறது மெஷின்தான்.”

வேறொரு நாளாக இருந்தால் அந்தப் பேச்சை ரசித்திருப்பேன்.

டாக்டர் திரும்பி வந்து, என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். இளநீரா, வாழைப்பழமா? அண்ணி இல்லையென்று தலையை ஆட்டினார். “எதுவும் குடுக்கலீங்க. காயெல்லாம் வேகவெச்சு வடிச்சுத்தான் போட்டேன்.”

“வடிச்ச தண்ணிய?”

“ரசத்துக்கு ஊத்துனேன். சத்தாச்சே. தெனமும் ரெண்டு டம்ளர் குடிச்சான்.”

டாக்டர் எழுதிக்கொண்டே போனார். அண்ணி என் முகத்தைப் பார்த்தார். திட்டுவதற்கோ தேற்றுவதற்கோ என்னிடம் எதுவும் இல்லை. சற்று நகர்ந்து பெஞ்சில் அவருக்கு இடம் விட்டேன்.

மெஷின் கிடைத்து, என் கணவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். காத்திருக்கும்போது போனில் அந்தப் பம்பைப் பற்றிப் படித்தேன். நாம் சாப்பிடுவதில் ஏறக்குறைய கால் பங்கை அதுவே தின்கிறதாம்; தூங்கினாலும் நிற்காதாம். எனக்குள்ளும் அது ஓடிக்கொண்டுதானே இருக்கும் என்று தோன்றியது. ஓடுவதற்கான அடையாளம் ஒன்றும் தெரியவில்லை.

மாலையில் எங்களை உள்ளே விட்டார்கள். அவர் கண்ணைத் திறந்திருந்தார். போர்வைக்குள் முழங்கால் மெல்ல மடங்கியது. அண்ணிதான் முதலில் பார்த்தார். “கால உள்ள இழுத்துட்டான் பாரு” என்றவர், வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

“அக்கா ஏன் அழுவுது?” என்றார் அவர்.

“அப்புறம் சொல்றேன்.”

“காலு வலிக்குது. கொஞ்சம் அமுக்கு.”

தன்னுடையது மாதிரியே இல்லை என்ற கால் இப்போது வலிக்கிறது என்றார். நான் உட்கார்ந்து அமுக்கினேன்.